பெட்டிக்குப் பெட்டி விடை மாறும்: வீட்டுக் கணக்குக்குப் பயனுள்ள குறிப்புகள்

மதுரை திருநகர் மூன்றாவது ஸ்டாப் பக்கம் ஏதாவது ஒரு மளிகைக்கடைக்குப் போங்கள். கல்லாமேல் இருக்கும் கால்குலேட்டரில் 2+3×4 என்று தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 20 என்று காட்டும். அதையே உங்கள் செல்போனில் தட்டினால் 14. இரண்டும் கெட்டுப்போகவில்லை. தட்டியதை எந்த வரிசையில் எடுத்துச் செய்வது என்பதில் ஒன்றின் வழக்கம் வேறு, மற்றதன் வழக்கம் வேறு.

பள்ளிக்கூடப் பாடத்தில் 2+3×4 போன்றதைக் கோவை என்பார்கள். கோவையைப் படித்து விடை சொல்வதற்கென்றே மென்பொருள்காரர்கள் தனி லைப்ரரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். லூயிஸ் வான் விங்கிள் எழுதிய 'டைனிஎக்ஸ்பர்' அப்படி ஒன்று. சி மொழியில் ஒரு நிரல் கோப்பு, ஒரு தலைப்புக் கோப்பு, அவ்வளவுதான் மொத்தச் சரக்கும். வேறொருவர் எழுதும் ஆப்புக்குள் இப்படி ஒன்றை வைத்துவிட்டால் கணக்குப் பகுதி தயார். இவற்றின் குணம் கொஞ்சம் பிடிபட்டால் நகைக்கடையிலும் ஈபி பில்லிலும் ஏமாறாமல் தப்பலாம்.

1. புதுக் கால்குலேட்டர், புது ஆப் எது கைக்கு வந்தாலும் முதலில் 2+3×4 போட்டுப் பாருங்கள். 14 வந்தால் அது பெருக்கலுக்கு முன்னுரிமை தெரிந்த பெட்டி. 20 வந்தால், விசையைத் தட்டத் தட்ட அங்கங்கே கணக்கை முடித்துக்கொண்டே போகும் ரகம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் கால்குலேட்டர் இரண்டு வேஷமும் போடும். சாதாரண முறையில் 20, சயின்டிஃபிக் முறைக்கு மாற்றினால் 14. எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்காமல் மாதாந்திர பட்ஜெட்டைத் தட்ட ஆரம்பிக்காதீர்கள்.

2. தெற்கு ஆவணி மூல வீதிக்கு நகை வாங்கப் போகிறீர்கள். இரண்டு பவுன், அதாவது 16 கிராம். சேதாரம் 12 சதவீதம். கிராம் விலை கணக்குக்கு வசதியாக 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனசில் ஓடுவது '16 கூட்டல், 16-இல் 12 சதவீதம்'. கடைக் கால்குலேட்டரில் 16+16×12÷100 என்று தட்டினால் வருவது 3.84. 16-ஐயும் 16-ஐயும் கூட்டி 32 ஆக்கி, அதை 12-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்துவிட்டது அது. செல்போனில் அதே வரிசைக்கு 17.92 வரும், அதுதான் சரி. கடைக் கால்குலேட்டர்தான் கையில் இருக்கிறது என்றால் 16×1.12 என்று தட்டுங்கள். எந்தப் பெட்டியும் இதில் தப்புப் பண்ணாது. பிறகு ×10000, கடைசியில் ஜிஎஸ்டி 3 சதவீதத்துக்கு ×1.03. விடை 1,84,576. செய்கூலி தனியாக உண்டென்றால் ஜிஎஸ்டிக்கு முன்னால் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கல் வைத்த நகையா? முதலில் கல் எடையைக் கழித்து, அந்த மீதிக்குத்தான் சேதாரம் போட வேண்டும்: (16−1.2)×1.12. அடைப்புக்குறி இல்லாமல் செல்போனில் தட்டினால் கல்லுக்கு மட்டும் சேதாரம் போட்டு, அதைக் கழித்துக் காட்டும். அந்த விடை உங்களுக்குச் சாதகமாகத் தெரியும், ஆனால் தப்பு.

3. கொடைக்கானலுக்கு வேன் பேசியாகிவிட்டது, வாடகை 7,200. பெரியவர்கள் 8, பிள்ளைகள் 4. தலைக்கு எவ்வளவு? 7200÷8+4 என்று தட்டினால் 904 என்று வரும். 7200÷(8+4) என்றால்தான் 600. வகுத்தல் கோட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட எண் வந்தால் கேள்வியே கேட்காமல் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள்.

4. செல்போனுக்கு மட்டும் பெருக்கலை முதலில் செய்யத் தெரிவது எப்படி? இதற்கு நெதர்லாந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1961-இல் ஒரு வழி எழுதிக் கொடுத்தார். அதன் பெயரே 'ஷண்டிங் யார்டு'. மதுரை ஜங்ஷனில் பெட்டிகளைக் கிளைத் தண்டவாளத்தில் ஒதுக்கி வைத்து, வரிசை மாற்றிக் கோப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். 2+3×4 வருகிறது என்று வையுங்கள். எண்கள் எல்லாம் நிற்காமல் நேர்த் தடத்தில் போய்விடும். குறிகள் கிளைத் தடத்தில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். 2 போய்விட்டது. + ஒதுங்கியது. 3 போய்விட்டது. இப்போது × வருகிறது. ஏற்கெனவே நிற்கும் + இதைவிடச் சின்ன ஆள். அதனால் × அதற்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது. 4 போய்விட்டது. வண்டி முடிந்ததும் கிளையில் கடைசியாக வந்து நின்றது முதலில் கிளம்பும்: ×, அப்புறம் +. நேர்த் தடத்தில் இப்போது இருப்பது 2 3 4 × +. இதை இடமிருந்து வலமாகப் படித்தால் மூன்றையும் நாலையும் பெருக்கு, 12; அதை இரண்டோடு கூட்டு, 14.

வரிசை 2×3+4 என்று இருந்தால்? + வரும்போது கிளையில் × நிற்கிறது. அது பெரிய ஆள். முதலில் அதைக் கிளப்பிவிட்டுத்தான் + உள்ளே வர முடியும். அடைப்புக்குறி திறந்தால் கிளைத் தடத்தில் ஒரு கேட் விழுந்த மாதிரி. மூடும் குறி வரும்வரை அந்தக் கேட்டுக்கு வெளியே இருப்பதை யாரும் தொட முடியாது. டைனிஎக்ஸ்பர் வேறு முறையில் எழுதப்பட்டது. அடைப்புக்குறிக்குள் ஒரு கோவை இருந்தால், கோவை படிக்கும் அதே நிரல் தன்னையே மறுபடி கூப்பிட்டுக்கொள்ளும். வழி வேறு என்றாலும், மேலே சொன்ன கணக்குகளுக்கு விடை ஒன்றுதான்.

5. அந்த 2 3 4 × + வடிவத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நாம் வாயால் சொல்லும் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. "மூணையும் நாலையும் பெருக்கி ரெண்டோட கூட்டு" என்கிறோம். எண் முதலில், செய்கை கடைசியில். இந்த முறையில் தட்டும் கால்குலேட்டரை ஹெச்பி கம்பெனி 1972-இல் ஹெச்பி-35 என்ற பெயரில் விற்றது; அதில் சமக்குறி விசையே கிடையாது. இதனால் நமக்கு ஒரு லாபம் உண்டு. முன்னுரிமை தெரியாத கடைக் கால்குலேட்டரில் நீளமான கணக்கு போடுவதற்கு முன் அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "பதினாறை ஒன்று புள்ளி ஒன்று இரண்டால் பெருக்கி, பத்தாயிரத்தால் பெருக்கி, செய்கூலியைக் கூட்டி, ஒன்று புள்ளி பூஜ்யம் மூன்றால் பெருக்கு." சொன்ன வரிசையில் அப்படியே தட்டினால் போதும். தாளில் எழுதியதைப் பார்த்துத் தட்டுவதைவிட இது மேல்.

6. மளிகைப் பட்டியலுக்கு எம்-பிளஸ் விசையைப் பழகிக்கொள்ளுங்கள். 3×45 எம்-பிளஸ், 2×62 எம்-பிளஸ், 5×18 எம்-பிளஸ், கடைசியில் எம்ஆர். 349. ஒவ்வொரு பெருக்கலும் முடிந்து தனித்தனியாகப் போய்ச் சேர்வதால் முன்னுரிமைத் தகராறே வராது. சில கால்குலேட்டரில் ஜிடி என்று ஒரு விசை இருக்கும். ஒவ்வொரு தடவை சமக்குறி தட்டும்போதும் வந்த விடைகளை அது தானே கூட்டி வைத்திருக்கும். ஆரம்பிக்கும்முன் பழைய கணக்கை அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். "அண்ணாச்சி, பழசைக் கிளியர் பண்ணிட்டுப் போடுங்க" என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

7. சதவீத விசைதான் இருப்பதிலேயே பெரிய குழப்பவாதி. 1000+18% என்று தட்டினால் பெரும்பாலான செல்போன்கள் 1180 என்கின்றன. எக்செல்லில் ஒரு கட்டத்தில் =1000+18% என்று எழுதினால் 1000.18. அதற்கு 18% என்றால் 0.18, வேறு அர்த்தம் இல்லை. பழைய மேஜைக் கால்குலேட்டர்களில் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். % விசையை மறந்துவிட்டு 1.18-ஆல் பெருக்குவதே உத்தமம்.

ஜிஎஸ்டியைப் பிரித்துப் பார்ப்பதிலும் இதே கதை. பில் 1,180, அதில் 18 சதவீத வரி அடக்கம். வரி இல்லாத விலை என்ன என்று 1180−18% போட்டால் 967.60 வரும். தப்பு. வரி போட்டது ஆயிரத்தின் மேல், கழிப்பதோ ஆயிரத்து நூற்றெண்பதின் மேல். 1180÷1.18 போட்டால் 1000 வந்துவிடும்.

8. ஆடித் தள்ளுபடி 20 சதவீதம், அதற்கு மேல் கார்டுக்கு 10 சதவீதம் என்று போர்டு வைத்திருந்தால் மொத்தம் 30 இல்லை. 0.8×0.9=0.72. தள்ளுபடி 28.

9. 1,50,000 என்று காற்புள்ளி வைத்து எழுதுவது கண்ணுக்கு நல்லது, கோவைக்கு ஆகாது. பல லைப்ரரிகளில் காற்புள்ளிக்கு வேறு உத்தியோகம் உண்டு. ஒரு உள்ளீடு முடிந்தது, அடுத்தது வருகிறது என்பதற்கு அது அடையாளம். டைனிஎக்ஸ்பரிடம் 1,50,000 என்று கொடுத்தால் ஒன்று, ஐம்பது, பூஜ்யம் என்று மூன்று தனி எண்களாகப் படித்து, கடைசியில் இருப்பதை விடையாகத் தரும். ஒன்றரை லட்சம் பூஜ்யமாகிவிட்டது! எக்செல்லிலும் கட்டத்துக்குள் வெறும் எண்ணாக எழுதும்போது காற்புள்ளி இருந்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். சமக்குறி போட்டு ஆரம்பிக்கும் சூத்திரத்துக்குள் வைத்தால் முரண்டு பிடிக்கும்.

10. சம்ப் எத்தனை லிட்டர் பிடிக்கும்? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்குங்கள். அங்குலத்தில்தான் கோட்டை விடுவார்கள். எட்டடி பத்து அங்குலத்தை 8.10 என்று தட்டினால் பெட்டி அதை 8.1 என்றுதான் படிக்கும். (8+10÷12) என்று தட்ட வேண்டும். அகலம் 6, ஆழம் 5 என்றால் சரியான விடை 7,500 லிட்டர் சுமார், 8.10 போட்டவருக்கு 6,877. அரை சின்டெக்ஸ் டேங்குக்கு மேல் தண்ணீர் கணக்கில் காணாமல் போய்விடும். நேரத்துக்கும் இதே விதிதான். ஒன்றரை மணி நேர வாடகையைக் கணக்கிட 1.5 போடுங்கள், 1.30 அல்ல.

11. பட்டாவில் பரப்பு '0 - 12.50' என்பதுபோல் இருக்கும். நடுவில் இருக்கும் கோடு கழித்தல் இல்லை. இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். அதைப் பார்த்து அப்படியே தட்டினால் நிலம் மைனஸ் பன்னிரண்டரை ஆகிவிடும். 12.5×2.47 போட்டால் சென்ட் கிடைக்கும்: 30.9 சுமார். சதுர அடி வேண்டுமானால் சென்ட்டை 435.6-ஆல் பெருக்கவும். ஹார்விபட்டி, நிலையூர் பக்கம் மனை பார்க்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளலாம். தரகர் சதுர அடியில் பேசுவார், பட்டா ஏரில் பேசும்.

12. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசப் பட்டியல் எக்செல்லில் ஏற்றுகிறீர்களா? கதவு எண் 3/12 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள், தொடாது.

13. ஈபி பில். இதைக் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது ஒரே கோவை இல்லை. 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.25, 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால்:

100×2.25 + 200×4.50 + 100×6 = 1725

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் பட்டியலே மாறிவிடும். 2.25 என்ற படி காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

300×4.50 + 100×6 + 1×8 = 1958

அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2022-க்குப் பிறகு யூனிட் விலைகள் ஏறியிருக்கின்றன. 500-இல் இருக்கும் இந்த மேடு மட்டும் 2024 உயர்விலும் அப்படியே இருந்தது. உங்கள் பில்லில் இருக்கும் விலைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ரீடிங் எடுத்துப் போன 40-ஆம் நாள் வாக்கில் மீட்டரைப் பாருங்கள். ஈபி கார்டில் எழுதியிருக்கும் எண்ணை அதிலிருந்து கழியுங்கள். 350 வந்தது என்று வைப்போம். 350÷40×60=525. இதே வேகத்தில் ஓடினால் மேட்டைத் தாண்டிவிடும். மேலே சொன்ன விலையில் 525-க்கு 2,150 ரூபாய்; 500-இல் நிறுத்தினால் 1,725. அதாவது கடைசி 25 யூனிட்டுக்கு 425 ரூபாய், யூனிட் 17 வீதம். அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் ஏசியை அணைக்கச் சொல்வது பாவம்தான். வாட்டர் ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும் மீதி இருபது நாளைக்குக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இதை எழுத 'இஃப்' என்ற கட்டளை இருக்கிறது: யூனிட் 500 வரை என்றால் இந்தக் கோவை, தாண்டினால் அந்தக் கோவை. யூனிட் விலைகளைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனித்தனிக் கட்டங்களில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கட்டணம் ஏறும்போது விலையை மட்டும் மாற்றினால் போதும், சூத்திரத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

14. 'ரெண்டு வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு, வருஷத்துக்கு 24 சதவீதம். வட்டியை மாதாமாதம் கட்டாமல் அசலோடு சேரவிட்டால் ஒரு வருஷத்தில் 50,000 என்ன ஆகும்? 50000×(1+2÷100)^12=63,412. வட்டிக்கு வட்டி இல்லை என்றால் 62,000. அடைப்புக்குறியை விட்டுவிட்டு 1+2÷100^12 என்று தட்டினால் அடுக்குக்குறி 100-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு தடவை பெருக்கிய நூறால் இரண்டை வகுத்தால் மிஞ்சுவது ஒன்றுமே இல்லை, திரையில் வெறும் 1 நிற்கும். கடன் கொடுத்தவர் வட்டியே வாங்கவில்லை என்று அர்த்தம்! அடைப்புக்குறியோடு 12-க்குப் பதில் 36 போட்டுப் பாருங்கள்: மூன்று வருஷத்தில் கடன் இரட்டிப்பைத் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

15. மாதத் தவணைச் சூத்திரத்தை ஒரு தடவை நீங்களே தட்டிப் பார்ப்பது நல்லது. 5 லட்சம், வருஷத்துக்கு 9 சதவீதம், 60 மாதம். மாத வட்டி 0.0075.

500000×0.0075×1.0075^60÷(1.0075^60−1)

விடை 10,379. கடைசி அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 3,749 என்று வரும்; அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 'அதே 9 சதவீதம்தான் சார், ஃபிளாட்' என்று சொன்னால் அது வேறு கணக்கு. 500000×(1+0.09×5)÷60=12,083. மாதம் 1,704 ரூபாய் அதிகம். அடைத்த அசலுக்கும் சேர்த்து ஐந்து வருஷமும் வட்டி கட்டுகிறீர்கள். விளம்பரத்தில் சதவீதத்தைப் பார்க்காமல் தவணைத் தொகையைக் கேட்டு வாங்கி, மேலே உள்ள கோவையோடு ஒப்பிடுங்கள்.

16. நீளமான கோவையில் அடைப்புக்குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விரல் வித்தை. இடமிருந்து வலமாகப் போங்கள். திறக்கும் குறிக்கு ஒரு விரலை நீட்டுங்கள், மூடும் குறிக்கு ஒன்றை மடக்குங்கள். முடிவில் எல்லா விரலும் மடங்கியிருக்க வேண்டும். நடுவில் மடக்க விரலே இல்லாமல் போனால் எங்கோ கூடுதலாக மூடியிருக்கிறீர்கள். லைப்ரரிகளும் இதைக் கண்டுபிடிக்கும். டைனிஎக்ஸ்பர் கோவை தப்பாக இருந்தால் எத்தனையாவது எழுத்தில் தடுக்கியது என்ற எண்ணைத் திருப்பித் தரும். தடுக்கிய இடம்தான் தப்பு நடந்த இடம் என்று இல்லை. பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் தேட வேண்டும்.

17. கிணறு மிச்சமிருக்கும் வீடுகளுக்கு. வட்டத்தின் பரப்புக்கு 3.14 எல்லாம் வேண்டாம். சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு. கணக்கதிகாரம் போன்ற நம் பழைய கணக்குச் சுவடிகளில் இருக்கும் வழி இது. கயிற்றால் உட்புறம் சுற்றி அளந்தால் 22 அடி, குறுக்கே 7 அடி: (22÷2)×(7÷2)=38.5 சதுர அடி. கல் கட்டிய கயிற்றை விட்டு, நனைந்த நீளம் பத்தடி என்றால் 385 கன அடி, 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 10,900 லிட்டர். கோடையில் மாதம் ஒரு தடவை அளந்து காலண்டரில் குறித்து வைத்தால் தண்ணீர் லாரிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

18. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். −2^2 என்பது பள்ளிப் பாடத்தில் −4. கூகுள் தேடல் பெட்டியும் −4 என்கிறது. எக்செல்லும் கூகுள் ஷீட்டும் 4 என்கின்றன. மைனஸை எண்ணோடு ஒட்டிப் படித்துவிடுகின்றன. 2^3^2-க்கு எக்செல் 64, பைத்தான் மொழி 512. டைனிஎக்ஸ்பர் இரண்டு விஷயத்திலும் வழக்கமாக எக்செல் கட்சி. ஆனால் நிரலைத் தொகுக்கும்போதே ஒரு விருப்பத்தைக் குறிப்பிட்டால் பள்ளிக்கூடக் கட்சிக்கு மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 6÷2(1+2) புதிருக்கும் சில கால்குலேட்டர் 1 என்றும் சில 9 என்றும் சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரி வழக்கம்தான். அதில் சண்டை போட்டுப் பொழுதைக் கழிக்காமல், பெருக்கல் குறியையும் அடைப்புக்குறியையும் எழுதச் சொல்லுங்கள்.

19. சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். −0.988 வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. திரையின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் 'டி' இருந்தால் டிகிரி, 'ஆர்' இருந்தால் ரேடியன். கணக்கைத் தட்ட ஆரம்பிக்கும்முன் பார்க்க வேண்டிய விஷயம். நிரல் மொழிகளும் லைப்ரரிகளும் பெரும்பாலும் ரேடியன்தான். மடக்கையிலும் இதே மாதிரிக் குழப்பம் உண்டு: டைனிஎக்ஸ்பரில் லாக் என்றால் பத்தை அடிமானமாகக் கொண்டது. பைத்தானில் அதே பெயர் இயல் மடக்கை.

20. வட்டிக் கணக்குக்கு எழுதிய சூத்திரத்தில் திடீரென்று 0.30000000000000004 என்று ஒரு வால் முளைத்தால் பயப்படாதீர்கள். பத்தில் ஒன்றைக் கம்ப்யூட்டரால் அதன் இரும முறையில் முழுசாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதினால் முடிவே இல்லாமல் போகுமே, அதே கதை. ஆகவே 0.1+0.2 சரியாக 0.3 ஆவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் தாத்தாக்கள் புழங்கிய அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் இரண்டு இரண்டாகப் பிரித்த பின்னங்கள். மாகாணி 1/16, மும்மாகாணி 3/16. கம்ப்யூட்டர் இவற்றை ஒரு பிசிறும் இல்லாமல் வைத்துக்கொள்ளும். ஒரு மா என்ற 1/20-உம் காணி என்ற 1/80-உம் முந்திரி என்ற 1/320-உம்தான் அதற்கு வால் முளைக்கும் எண்கள், ஐந்து உள்ளே புகுந்துவிட்டதால்.

வீட்டுக் கணக்குக்கு வைத்தியம் எளிது. ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே கூட்டுங்கள், கடைசியில் 100-ஆல் வகுங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் தரும் கால்குலேட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஹான்ஸ் போம் என்ற கணிப்பொறி அறிஞர் அதற்குள் துல்லியக் கணக்கு முறையை எழுதி வைத்திருக்கிறார். 10^100+1−10^100 என்று அதில் தட்டினால் 1 வரும். சாதாரண லைப்ரரிகளில் 0 வரும். அவ்வளவு பெரிய எண்ணோடு சேர்ந்த ஒற்றை ஒன்றை அவை தொலைத்துவிடும்.

21. வீட்டில் யாராவது ஆப் எழுதப் பழகினால் ஒரு எச்சரிக்கை. பயனாளர் அடிக்கும் கணக்கை வாங்கி, பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கும் 'இவால்' கட்டளையிடம் கொடுத்துவிட்டால் ஒரே வரியில் கால்குலேட்டர் தயார் என்று தோன்றும். அந்தக் கட்டளை கணக்கை மட்டும் செய்யாது. எதை எழுதிக் கொடுத்தாலும் செய்துவிடும், கோப்பை அழி என்று எழுதினாலும்கூட. கணக்கு மட்டுமே தெரிந்த சின்ன லைப்ரரிகளை மக்கள் தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜாவாஸ்கிரிப்டுக்கு யோஸ் டி யோங் எழுதிய 'மேத்.ஜேஎஸ்', சி-பிளஸ்பிளஸுக்கு 'மியூபார்சர்' என்று ஒவ்வொரு மொழிக்கும் உண்டு. சொந்தமாக எழுதிப் பார்க்க ஆசை என்றால் நாலாவது குறிப்பில் சொன்ன ஷண்டிங் யார்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பொறியியல் கல்லூரிகளில் கம்பைலர் பாடத்தின் ஆய்வகத்தில் கால்குலேட்டர் செய்வது வழக்கமான பயிற்சிதான். திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படிக்கிற பிள்ளை தெருவில் யாராவது இருந்தால் சந்தேகம் கேட்டுக்கொள்ளலாம்.

22. தமிழிலேயே கோவை எழுத வேண்டும் என்பவர்களுக்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' இருக்கிறது. பதிப்பி 2+3*4 என்று எழுதினால் விடையைத் திரையில் அச்சிடும். ஈபி பில் மாதிரி 'இது என்றால் அது' கணக்குக்கு நிபந்தனையை முதலில் எழுதி, பின்னால் 'ஆனால்' என்று முடிப்பது அதன் வழக்கம். பைத்தானிலும் விலை = 45, அளவு = 3 என்று தமிழ்ப் பெயர்களே வைத்துக்கொள்ளலாம்; விலை*அளவு என்றால் 135 தரும். தமிழ் எண்களையும் எழுத்தாக வாங்கி எண்ணாக மாற்றச் சொன்னால் ௧௨ என்பதைப் பன்னிரண்டு என்று சரியாகப் படிக்கும். பத்துக்கு மட்டும் பழைய சுவடி வழக்கப்படி ௰ என்று எழுதாதீர்கள், ஏற்காது. ௧௦ என்று எழுதுங்கள்.